'ஊருக்கு அனுப்பிடுவேன்' என்கிற நோய்

மெட்ராசில் ஒருத்தரைப் பைத்தியம் என்று சொல்ல அந்த வார்த்தையே வேண்டியதில்லை. 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்றால் போதும், எல்லோருக்கும் புரியும். சாந்தோம் பெரிய கோயிலுக்குப் பின்னால் கடலை ஒட்டிக் கிடக்கிற ஹவுசிங் போர்டு ப்ளாக்குகளில் இதற்கு ஜோடியாக இன்னொரு கிண்டலும் புழங்குகிறது: 'ஃபாரின் ரிட்டனு'. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்த பிறகு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத பெண் ஒரு ஃபாரின் ரிட்டனு. சிங்கப்பூர் கட்டட வேலையில் இடுப்பு போய், பாதியில் அனுப்பப்பட்டு, பகலெல்லாம் மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற பையன் இன்னொரு ஃபாரின் ரிட்டனு.

இவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டுப் பாருங்கள். நான்கு பதில்கள் ரெடியாக இருக்கும். ஊர் ஏக்கம் என்பார் படித்தவர். செய்வினை என்பார் சொந்தக்காரர். குடி என்பார் முதலாளி. மனசில் தெம்பில்லாத ஜனம் என்பார், நம்மைப் பற்றி எப்போதும் அப்படியே பேசிப் பழகினவர். நான்கு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். நோய் அந்த ஆளுக்குள்ளே இருக்கிறது, அவர் பார்த்த வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தம் இருக்கிறது. சிமெண்ட் தூசியால் நுரையீரல் கெடுவதைப் போல, தூக்குகிற பாரத்தால் முதுகெலும்பு நகர்வதைப் போல, இதுவும் வேலையால் வந்த காயம். வேலைக்குப் போக வாங்கின கடனால் வந்த காயம். அந்தக் கடனை நோக்கி நம்மைத் துரத்தின சாதியால் வந்த காயம். இதைச் சொல்லாமல் எந்த டாக்டரும், எந்த எழுத்தாளரும், எந்த இயக்கத் தோழரும் நம் ஜனங்களின் மனசைப் பற்றிப் பேச முடியாது.

முதலில் இந்த 'ஊர் ஏக்கம்'. இதை வைத்து எவ்வளவு கவிதை, எவ்வளவு கதை! குளிர்தேசத்து ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லிகைப்பூவையும் கோயில் குளத்தையும் தெருமுனை டீக்கடையையும் நினைத்து உருகுகிற எழுத்து மலையாகக் குவிந்து கிடக்கிறது. யுத்தத்தில் வீடிழந்து ஓடிய ஈழத் தமிழரின் வலியை நாம் குறைத்துப் பேசவில்லை, அது வேறு கணக்கு. நினைத்தால் டிக்கெட் எடுத்து வந்துவிடக் கூடியவர்களின் ஏக்கத்தை எடுத்து நம் ஜனத்தின் நெற்றியில் ஏன் ஒட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. அவர்கள் ஊர் என்று சொல்வது ஊர். நமக்கு இருந்தது சேரி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தெருவின் மேல் ஒருத்தனுக்கு என்ன ஏக்கம் வரும்? அம்மா மேல் வரும், பிள்ளை மேல் வரும், மீன்குழம்பின் மேல் வரும். ஆனால் அவன் தூக்கத்தைத் தின்றது அது இல்லை.

குவைத்தில் இருந்து வந்த ஒரு அக்கா சொன்னது இது:

"காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சா படுக்க நைட்டு ஒரு மணி ஆவும். ரூமுக்கு ரூம் பெல்லு வச்சிருந்தாங்க. எந்த பெல்லு அடிச்சாலும் நான்தான் ஓடணும். பாஸ்போர்ட்ட போன அன்னிக்கே வாங்கி பீரோவுல வச்சிப் பூட்டிட்டாங்க. கொஞ்சம் லேட்டானா 'உன்ன திருப்பி அனுப்பிடுவேன்'னு அந்தம்மா சொல்லும். அடிச்சாக்கூட தாங்கிக்குவேன். திருப்பி அனுப்பிட்டா ஒன்றரை லட்சம் கடன யாரு கட்டுறது? அத நெனச்சா தூக்கமே வராது. வந்து ரெண்டு வருசம் ஆவுது. இன்னிக்கும் கோயில் மணி அடிச்சா நான் எந்திரிச்சி நின்னுடறேன்."

இதில் ஏக்கம் எங்கே இருக்கிறது? 'ஊருக்கு எப்போ போவேன்' என்று அவர் அழவில்லை. 'ஊருக்கு அனுப்பிடுவாங்களோ' என்றுதான் நடுங்கியிருக்கிறார். ஊர் ஏக்கத்துக்கு நேர் எதிரான பயம் இது.

சிங்கப்பூரிலும் இதே பேச்சுதான். சைட்டில் சூப்பர்வைசர் வாயைத் திறந்தால், 'பெர்மிட்ட கட் பண்ணி ஊருக்கு அனுப்பிடுவேன்' என்பான். அங்கே ஒரு தொழிலாளியின் பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டிப்போடப்பட்டது. அவன் நினைத்தால் அதை ரத்து செய்யலாம். அடிபட்டால் கம்பெனி டாக்டர். மூன்று நாளைக்கு மேல் மருத்துவ விடுப்பு கொடுத்தால் அரசாங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருந்தவரைக்கும், இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு 'லைட் டியூட்டி' என்று எழுதித் தள்ளுகிற வித்தை நடந்தது. லைட் டியூட்டியையும் சொல்லியாக வேண்டும் என்று 2020 செப்டம்பரில்தான் விதி மாறியது. நஷ்டஈடு கேட்டு வழக்குக்குப் போனால் பெர்மிட் போய், கையில் ஒரு 'ஸ்பெஷல் பாஸ்' வரும். அதை வைத்துக்கொண்டு தங்கலாம், வேலை செய்யக்கூடாது. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். இவன் மாதக்கணக்கில் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான்.

அந்தத் திண்ணையில் ஒரு மனுசனுக்கு என்ன ஆகிறது என்பதை சிங்கப்பூர் மேனேஜ்மெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். இந்திய, வங்கதேசத் தொழிலாளர்கள் சுமார் 600 பேரிடம் விசாரித்து 2015-இல் வெளியிட்டார்கள். அடிபட்டும் சம்பளம் கிடைக்காமலும் வழக்குப் போட்டுக் காத்திருந்தவர்களில் 62 சதவீதம் பேருக்குக் கடுமையான மனநோயின் அறிகுறிகள் இருந்தன. வேலையில் தொடர்ந்து இருந்தவர்களிடம் அது மிகக் குறைவு. மனசை முறித்தது எது என்று பார்த்தால் முன்னால் வந்து நின்றவை இரண்டு: ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்கிற மிரட்டல், ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கின கடன். ஏக்கத்தைப் பற்றிக் கவிதை எழுதினவர்களுக்குத் தெரியாதது, படிவம் நிரப்பிக் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இது புதுசா? இலங்கைத் தோட்டங்களுக்கு நம் பாட்டன் பூட்டன்கள் போன காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. கங்காணிக்குப் பட்ட கடன் அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கும். அந்தக் கடனை அடைக்கிற புதுத் துரை கிடைத்தால்தான் ஆள் வேறு தோட்டத்துக்கு நகர முடியும். 1921-இல் அதை ஒழித்தார்கள். இன்றைக்கு அதன் பெயர் ஓரிடத்தில் வொர்க் பெர்மிட், ஓரிடத்தில் அக்காமா. ஃபிஜித் தீவுக் கரும்புத் தோட்டங்களுக்கு 1903 முதல் மெட்ராசில் இருந்து கப்பல் போனது. சுமார் 15,000 பேர் போனார்கள். அங்கே கூலிகள் தூக்கு மாட்டிக்கொண்டு செத்த விகிதம் இங்கே ஊரில் இருந்ததைப் போலப் பல மடங்கு. வெள்ளை அதிகாரி என்ன எழுதினான் தெரியுமா? பெண்கள் குறைவு, ஆண்களுக்குள் பொறாமை, அதனால் சாகிறார்கள் என்று எழுதினான். கங்காணியின் பிரம்பையும் தோட்டத்தின் கணக்கையும் விட்டுவிட்டு, கூலியின் மனசில் குற்றம் கண்டுபிடித்தான். அந்தப் பெண்களுக்காகப் பாரதி பாடினார், தமிழ்நாடு அழுதது. அழுது முடித்துவிட்டு, இன்றைக்கும் அந்த அதிகாரியின் விளக்கத்தைத்தான் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, அனுப்பிவிட்டால்தான் என்ன? வந்து இங்கே பிழைத்துக்கொள்ளக் கூடாதா? இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் கொடியங்குளத்தை மறந்தவர்கள். 1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடிப் பக்கம் இருக்கிற அந்த ஊருக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்தார்கள். அந்த ஊர் செய்த குற்றம், கொஞ்சம் நிமிர்ந்தது. பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய் அனுப்பின பணத்தில் வீட்டில் டிவி இருந்தது, டேப்ரிக்கார்டர் இருந்தது, பீரோ இருந்தது. எல்லாவற்றையும் உடைத்தார்கள். பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டுகளைக் கிழித்தார்கள். பாஸ்போர்ட்டுகளையும் விட்டுவைக்கவில்லை. பாஸ்போர்ட் இருந்தால் இவன் மறுபடியும் போவான், போனால் மறுபடியும் நிமிர்வான். நம் எதிரிகளுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 2012 நவம்பர் 7-ஆம் தேதி தர்மபுரி நாயக்கன்கொட்டாயில் எரித்ததும் குடிசைகளை இல்லை. பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டின வீடுகளை.

வெளிநாட்டுப் பணம் நமக்கு வெறும் பணம் இல்லை. ஆண்டை வீட்டு வாசலில் போய் நிற்காமல் இருப்பதற்கான விலை. ஆகவே வெறுங்கையோடு திரும்புவது மற்ற சாதிக்காரனுக்கு நஷ்டம், நமக்கு மறுபடியும் அந்த வாசல். போகும்போதே இந்த வித்தியாசம் தொடங்கிவிடுகிறது. நிலம் உள்ளவன் நிலத்தை அடமானம் வைத்து பேங்கில் வாங்குவான். நம்மிடம் இருப்பது அம்மாவின் தோடு, அக்காவின் மகளிர் குழுக் கடன், மீட்டர் வட்டிக்காரன். ஒரே ஃபிளைட்டில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிற இரண்டு பேரும் ஒரே கூலிகள் இல்லை.

இதில் பட்டணம் கிராமம் என்கிற பேதமும் கிடையாது. மெட்ராஸ் ஆற்றோரங்களில் இருந்தும் கடலோரங்களில் இருந்தும் லாரியில் ஏற்றி, கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்களே, அந்தப் பெண்கள் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நடந்தே போய்ப் பார்த்து வந்த நான்கு வீட்டு வேலையை இழந்தார்கள். பஸ்ஸுக்கே பாதிக் கூலி போகும் என்றானபோதுதான் ஏஜெண்டு வந்து கதவைத் தட்டினான். இங்கே பாத்திரம் தேய்த்த கை அங்கேயும் பாத்திரம் தேய்க்கிறது. இங்கே குப்பை அள்ளினவன் அங்கே 'பலதியா'வில் குப்பை அள்ளுகிறான். இவளை அங்கே 'கதாமா' என்கிறார்கள். வேலையைப் பார்த்து மனுசனை எடைபோடுகிற பழக்கத்துக்கு அரபியிலும் வார்த்தை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவா இவ்வளவு வட்டி?

சாந்தோம் என்கிற பெயருக்கே உரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். புனித தோமாவை நாம் அப்போஸ்தலராக அறிவோம், வேதசாட்சியாக அறிவோம். தோமாவின் பணிகள் என்கிற பழைய சிரியக் கதை அவரை வேறு விதமாகவும் சொல்கிறது. இந்தியாவுக்குப் போ என்றபோது அவர் மறுத்தார், உடம்புக்கு முடியாது என்றார். அப்போது ஹப்பான் என்கிற வியாபாரி கட்டட வேலை தெரிந்த ஆள் தேடி வந்தான். ஏசுவே அவரை அடிமையாக விற்று, விற்பனைச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். வந்த இடத்தில் ராஜாவுக்கு அரண்மனை கட்டக் கொடுத்த காசை ஏழைகளுக்குப் பங்கு வைத்தார் என்று ஜெயிலில் போட்டார்கள். கதையோ நிஜமோ, சீட்டு எழுதி விற்கப்பட்டுக் கடல் கடந்து வந்த ஒரு கட்டட வேலையாளின் பெயரில்தான் இந்தப் பேட்டை இருக்கிறது. அவருடைய எலும்புகளை எதெஸ்ஸாவுக்கும், பிறகு இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் கொண்டுபோய் மரியாதையோடு வைத்தார்கள். நம்முடையவர்களின் உடல் கார்கோவில் வருகிறது. கூடவே ஒரு காகிதம் வருகிறது. அதில் 'இயற்கை மரணம்' என்று இருக்கிறது.

அந்தக் காகிதத்தையும் கொஞ்சம் படிப்போம். கத்தாரில் 2010-க்குப் பிறகு பத்து வருசத்தில் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கையைச் சேர்ந்த 6,500-க்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள் என்று 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை எழுதியது. அதில் இந்தியர் 2,711 பேர். அந்த இந்தியச் சாவுகளில் ஐந்தில் நான்கு பங்கு 'இயற்கை' என்று பதிவாகியிருந்தது. வெயிலில் வெந்து, ராத்திரி படுத்து, காலையில் எழுந்திருக்காத வாலிபனின் சாவு இயற்கையாம்! செத்தால் இயற்கை, உயிரோடு வந்தால் பைத்தியம். இரண்டுக்கும் முதலாளி பொறுப்பில்லை.

அடுத்தது குடி. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் புதுக்கோட்டை மாவட்டத்துத் தொழிலாளி ஒருவர் பஸ் சக்கரத்தில் சிக்கிச் செத்தார். அவருக்கு வயது 33. கூட்டம் கொதித்தது, வண்டிகள் எரிந்தன. விசாரணைக் குழு போட்டார்கள். வேலை நிலைமையும் தங்கும் நிலைமையும் கலவரத்துக்குக் காரணமில்லை, குடி நிலைமையை மோசமாக்கியது என்று 2014-இல் அந்தக் குழு சொன்னது. 2015-இல் மது கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த மிரட்டலால் மனசு வெந்ததோ அதையே தண்டனையாகக் கொடுத்தார்கள். குடி நல்லது என்று நாம் சொல்லவில்லை, அது நம் குடும்பங்களை எப்படித் தின்கிறது என்று நமக்குத் தெரியும். ஆறு நாள் லாரியின் பின்தட்டில் சாமான் மாதிரி ஏற்றிக்கொண்டு போகப்பட்டவன் ஏழாம் நாள் ஏன் குடிக்கிறான் என்று கேட்காத விசாரணை என்ன விசாரணை என்றுதான் கேட்கிறோம்.

அப்புறம் 2020. கொரோனா. டார்மிட்டரிகளில் இருந்த மூன்று லட்சத்து இருபதாயிரம் பேரை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். டிசம்பரில் கணக்கெடுத்தபோது அவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. வெளியே ஊர் திறந்த பிறகும் இவர்களுக்கு மட்டும் கட்டுப்பாடு 2022 வரைக்கும் நீண்டது. உள்ளே சிலர் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான், 2020 நவம்பரில், டார்மிட்டரிகளுக்கென்று மனநலத் திட்டம் ஒன்றை அந்த அரசாங்கம் தொடங்கியது. ஆலோசனை சொல்ல ஆள், போன் நம்பர், தொண்டு நிறுவனம். நல்லதுதான், வேண்டாம் என்பாரில்லை. ஆனால் கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதை வைத்தியம் என்று நாம் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

இங்கே வீட்டில் என்ன நடக்கிறது? அதை யாரும் ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை, எந்த ப்ளாக்கிலும் போய்ப் பார்க்கலாம். வாரா வாரம் குழுக்காரி வாசலில் வந்து நிற்கிறாள். புருசன் போன் எடுக்கவில்லை என்றால் செத்தானா, வேறு யாரையாவது சேர்த்துக்கொண்டானா என்று ராத்திரி பூராவும் யோசனை. இவள் போன் எடுக்கவில்லை என்றால் அங்கே அவனுக்கு அதே சந்தேகம். அம்மா குவைத்தில், பிள்ளை ஆயாவிடம். மூன்று வருசம் கழித்து வந்தவளைப் பிள்ளை 'யார் இவங்க' என்று கேட்கிறது. திரும்பி வந்தவனோ பிள்ளைக்கு டாய்ஸ் வாங்கி வராத அவமானத்தில் பேச மாட்டேன் என்கிறான். அவனுக்கு ஒருத்தி சோறும் போட்டு, கடனும் கட்டி, ஏச்சும் கேட்கிறாள். அவளுக்கு என்ன நோய் என்று எந்த ஆஸ்பத்திரியிலும் சீட்டு எழுதவில்லை. தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள்.

கையில் காசில்லாத குடும்பம் என்ன செய்யும்? மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகும், ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும், கட்டிப்போடும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் வெந்து செத்தார்களே, அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டதும் அன்பில்லாத குடும்பங்கள் இல்லை, வேறு வழி தெரியாத குடும்பங்கள். பைத்தியம் என்பது அதிகாரம் கட்டமைத்த சொல்லாடல் என்று ஃபூக்கோவைப் படித்து சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எழுதட்டும். மணி அடித்தால் எழுந்து நிற்கிற அந்த அக்காவுக்கு அந்தச் சொல்லாடல் என்ன தரும்? அவளுக்குத் தூங்க மருந்து வேண்டும், கடனைத் தள்ளச் சட்டம் வேண்டும், அவளை அப்படி ஆக்கினவனிடமிருந்து நஷ்டஈடு வேண்டும்.

'யார் போகச் சொன்னது, தெரிந்துதானே போனீங்க' என்கிற குரல் இப்போது கேட்கும். தெரிந்துதான் போனோம். இனியும் போவோம். போகாதே என்று நம்மிடம் சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. முப்பது வயசுக்குக் கீழே இருக்கிற பெண் வீட்டு வேலைக்கு வளைகுடா போகக் கூடாது என்று அரசாங்கம் விதி போட்டது. என்ன ஆனது? டூரிஸ்ட் விசாவில் போகிறார்கள், கணக்கிலேயே வராமல் போகிறார்கள். தடையால் ஏஜெண்டுக்குத்தான் லாபம். நாம் கேட்பது போவதற்கான உரிமை, காயம் படாமல் வேலை செய்வதற்கான உரிமை, காயம்பட்டால் அதைக் காயம் என்று எழுதுவதற்கான உரிமை.

மூன்றாவதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். உலகத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் தொழில்நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது மனநோய்களையும் அதில் சேர்த்துவிட்டது. நம் நாட்டில் 1923-ஆம் வருசத்து இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஈய விஷம் இருந்தது, சிலிகா தூசி இருந்தது, மனசு இல்லை. அதற்குப் பதிலாக வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இல்லை. உள்ளூர் வேலைக்கே இப்படி. வெளிநாடு போகிறவர்களுக்கு 2003-இல் கொண்டுவந்த பிரவாசி காப்பீட்டில் 10 லட்சம் உண்டு, விபத்தில் செத்தால் அல்லது நிரந்தரமாக ஊனமானால். தூக்கம் போனதும் பேச்சு போனதும் விபத்தில் சேராது. வீட்டு வேலையாட்களுக்கான 189-ஆம் உடன்படிக்கைக்கு 2011-இல் இந்தியா கை தூக்கியது. இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1978 முதல் தமிழக அரசுக்குச் சொந்தமாகவே ஒரு நிறுவனம் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் ஜனம் ஏன் தெருமுனை ஏஜெண்டிடம் மீட்டர் வட்டிப் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது? வருசா வருசம் ஜனவரி 12-இல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறார்கள். அந்த மேடையில் ஒரு கதாமா ஏறி, தன் ராத்திரிகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசட்டும். மந்திரிகளும் தொழிலதிபர்களும் கீழே உட்கார்ந்து கேட்கட்டும்.

டாக்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியிடம் 'நீ என்ன வேலை பார்க்கிறாய்' என்று கேள் என்று ராமஸினி என்கிற இத்தாலிய மருத்துவர் 1700-லேயே எழுதி வைத்தார். கீழ்ப்பாக்கத்திலும் ராயப்பேட்டையிலும் ஓ.பி. சீட்டில் அந்த ஒரு கேள்வியைச் சேருங்கள். எங்கே வேலை பார்த்தாய், பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது, எவ்வளவு கடன், யார் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கு வழக்குப் போட அந்தச் சீட்டுதான் சாட்சி.

கடைசியாக, இந்தப் பக்கங்களைப் படிக்கிற மாணவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும். தலித் இலக்கியம் சேரியை எழுதியது, வயலை எழுதியது, பள்ளிக்கூடத்தை எழுதியது. டார்மிட்டரியையும் அரபி வீட்டு அடுப்படியையும் இன்னும் போதுமான அளவு எழுதவில்லை. உங்கள் தெருவில் ஒரு 'ஃபாரின் ரிட்டனு' இருக்கிறார். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் ஒரே நாளில் சொல்லிவிட மாட்டார், மறுபடியும் போங்கள். சொல்வதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள், உங்கள் ஏக்கத்தைக் கலக்காதீர்கள். பெயரை மாற்றுங்கள், கடன் தொகையை மாற்றாதீர்கள்.